நான்கு குழாய், ஒரு கூடல்

பழைய வண்டிக்குள் வேறொரு வண்டியின் எஞ்சினை ஏற்றுவதில் மிகக் கடினமான பகுதி எஞ்சினை ஏற்றுவதுதான் என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது ஒரு நாள் வேலை. தாங்கிகளை வெட்டி ஒட்டலாம். மின்கம்பிகளை வரைபடம் பார்த்து இணைக்கலாம். தண்ணீர்க் குழாய்க்கு ரப்பர் இருக்கிறது, எப்படியும் வளையும். வேலை தடைபட்டு நிற்பது புகை வெளியேறும் வாயில்தான். அந்த எஞ்சினும் அந்த வண்டியும் ஒன்றுக்கொன்று பிறந்தவை அல்ல. அவற்றுக்கு நடுவே மிஞ்சியிருக்கும் இடுக்கை எந்தத் தொழிற்சாலையும் அளந்து பார்த்ததில்லை. அந்த இடுக்கில் நுழைந்து, எதிலும் இடிக்காமல் வளைந்து இறங்கி, கடைசியில் ஒன்றுகூடும் குழாய்த்தொகுதிக்கு ‘ஹெட்டர்’ என்று பெயர். கோவையில் எங்கள் பட்டறையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவருவது இந்த வேலை.

‘எங்கள்’ என்ற சொல்லை விளக்கிவிடுவது நல்லது. பட்டறையைத் தொடங்கியவர் எங்கள் தந்தையார். உடன்பிறந்தோர் இருவரில் மூத்தவருக்குக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் பணி; இளையவருக்குப் பட்டறை. ஆனால் இத்தொழிலுக்கு இரண்டு கைகள் போதா. ஒருவர் பற்றவைக்கும்போது இன்னொருவர் மறுமுனையைப் பிடித்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மறுமுனை தமிழாசிரியருக்கு உரியது. ஆகவே இக்கட்டுரையில் வரும் ‘நாங்கள்’ மரியாதைப் பன்மையன்று, உண்மையிலேயே இருவர். அதில் மூன்றாவதாக ஒருவர் சேர விரும்புவதால் எழுந்த குழப்பமே இதை எழுதவைத்தது.

தொழிற்சாலையிலிருந்து வரும் சாதாரண வண்டியில் ஹெட்டருக்குப் பதிலாக வார்ப்பிரும்பில் செய்த ஒரு கனத்த கைகோப்பு இருக்கும். விலை குறைவு, ஆயுள் அதிகம், ஓசை படாது. அதன் குறை, எல்லாச் சிலிண்டர்களின் புகையையும் ஒரு குறுகிய அறைக்குள் முட்டிமோதவிடுவது. ஹெட்டரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக்குழாய் உண்டு. அக்குழாயின் நீளத்தில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. வால்வு திறந்ததும் புகையோடு ஓர் அழுத்த அலை கிளம்பி ஒலியின் வேகத்தில் குழாய்க்குள் ஓடுகிறது. குழாய் முடிந்து அகன்ற இடத்தை அடைந்ததும் அது தாழ்வழுத்த அலையாக உருமாறித் திரும்பி வருகிறது. வால்வு மூடுவதற்குச் சற்று முன்னால் வந்துசேர்ந்தால், சிலிண்டரில் தங்கிய கடைசிப் புகையையும் உறிஞ்சி வெளியே இழுத்துவிடும். முன்னதாக வந்தாலும் பிந்தி வந்தாலும் பயன் குறைவு.

நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு 10 மில்லி நொடி. அதில் மூன்றில் ஒரு பங்கு நேரத்தில் அலை போய்த் திரும்ப வேண்டும் என்று கொள்வது பழைய வழக்கம். சூடான புகையில் ஒலி நொடிக்கு 500 மீட்டர் ஓடுவதாக வைத்துக்கொண்டால், போகவர ஏறக்குறைய 1.65 மீட்டர். ஆக, குழாயின் நீளம் 80 சென்டிமீட்டரை ஒட்டி அமையும். இது தொடக்கக் கணக்கு மட்டுமே. பந்தயத்துக்குச் செய்பவர்கள் பிறகு ஓட்டிப்பார்த்துத் திருத்துவார்கள். எந்தச் சுற்றில் வலு வேண்டும் என்று வண்டிக்காரர் சொன்னால்தான் இந்தக் கணக்கையே தொடங்க முடியும். எல்லாச் சுற்றிலும் வேண்டும் என்பவருக்கு ஹெட்டர் செய்ய இயலாது.

இக்கலை வளர்ந்த இடம் அமெரிக்கா. 1932இல் ஃபோர்டு நிறுவனம் எட்டுச் சிலிண்டர் எஞ்சினைச் சாமானியர் வாங்கும் விலைக்குக் கொண்டுவந்தது. கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப்படுகைகளில் வேகம் பார்த்த இளைஞர்கள் அதைப் பிரித்து மேய்ந்தார்கள். அந்த எஞ்சினில் ஒரு பக்கத்துக்கு நான்கு சிலிண்டர்கள், ஆனால் புகை வெளியேற மூன்றே வாய்கள். நடுவிலிருந்த இரண்டும் ஒரே வாயைப் பங்கிட்டுக்கொண்டன. 1955இல் செவ்ரோலேயின் சிறிய வி-8 வந்ததும், அதை எந்த வண்டிக்குள்தான் நுழைப்பதில்லை என்றாகிவிட்டது. நுழைத்த ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு புது ஹெட்டர் தேவைப்பட்டது. 1960களில் ஃபோர்டின் ஜிடி-40 பந்தயக் காரில் இருபுறத்துக் குழாய்களையும் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி இணைத்தார்கள். வெடிப்புகள் சீரான இடைவெளியில் கூடலுக்கு வந்துசேர வேண்டும் என்பது காரணம். பார்த்தவர்கள் அதற்குப் பாம்புக்கூட்டம் என்று பெயரிட்டார்கள்.

எங்கள் தந்தையார் இதே பாடத்தை அம்பாசடரில் கற்றார். அதன் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினிலும் நான்கு சிலிண்டருக்கு மூன்று வாய்கள்தான். கோவை அதற்கேற்ற ஊராகவும் இருந்தது. பம்பும் மோட்டாரும் செய்த ஊரில் லேத்துக்கும் வார்ப்புக்கும் குறைவில்லை. 1980களின் இறுதியில் எஸ். கரிவரதன் மாருதி எஞ்சினை வைத்து இங்கேயே பந்தயக் கார்களை உருவாக்கினார். 1995இல் அவர் விமான விபத்தில் மறைந்தார். செட்டிபாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தக் காலத்தில் வளைத்த குழாய்கள் கடையில் கிடையா. நொய்யல் மணலைச் சலித்து, வாணலியில் வறுத்து, நேர்க்குழாய்க்குள் தட்டித்தட்டி நிரப்பி, இருமுனையையும் அடைத்து, தீச்சுடரில் சிவக்கக் காய்ச்சி வளைப்பார் அப்பா. உள்ளே மணல் இருப்பதால் குழாய் நசுங்காது. மணலில் துளி ஈரம் இருந்தாலும் ஆவியாகி அடைப்பைத் துப்பாக்கிக் குண்டுபோல வீசிவிடும். மணலை வறுக்கும்போது எங்களை அருகில் உட்காரவைத்து, உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி, “ஒட்டுதா கண்ணு?” என்று கேட்பார். ஒட்டாதவரை வறுக்க வேண்டும்.

இன்று மணல் தேவையில்லை. ஒரே சீராக வளைத்த வளைவுகளை விலைக்கு வாங்கி, வேண்டிய அளவு நறுக்கி, ஒட்டிச் சேர்க்கிறோம். இந்த நறுக்கலில்தான் தொழிலின் சூட்சுமம் இருக்கிறது. வளைவின் மையப்புள்ளியை நோக்கியே ஒவ்வொரு வெட்டும் விழ வேண்டும். அப்படி விழுந்தால் வெட்டுமுகம் வட்டமாக இருக்கும். கொஞ்சம் சாய்ந்தாலும் முட்டைவடிவாகி அடுத்த துண்டோடு பொருந்தாது. வட்டமும் வட்டமும் சந்திக்கும் இடத்தில் ஒரு துண்டைச் சற்றே திருகினால் குழாயின் போக்கு புதிய திசைக்கு மாறும். இரண்டு வளைவுகளும் ஒரு திருகலும் இருந்தால் எந்தத் திசைக்கும் போய்விடலாம். நீளத்தை வளைவின் நடுக்கோட்டில் அளக்க வேண்டும். 38 மில்லிமீட்டர் குழாயின் வளைவு, 57 மில்லிமீட்டர் ஆரமுடையதாயின், ஒரு செங்கோணத் திருப்பத்துக்கு ஏறக்குறைய 90 மில்லிமீட்டர் செலவாகிறது. வெளிவிளிம்பில் அளந்தால் அதிகமாகவும் உள்விளிம்பில் அளந்தால் குறைவாகவும் காட்டும்.

இப்போது பட்டறையில் நிற்பது ஒரு மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சினை எடுத்துவிட்டு, எஸ்டீமின் நான்கு சிலிண்டர், 1298 சி.சி. எஞ்சினை ஏற்றியிருக்கிறோம். பந்தயத் தடத்தில் மட்டும் ஓடப்போகிற வண்டி. சாலை வண்டிகளுக்கு இவ்வேலையை நாங்கள் எடுப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது.

மூன்று பேர் படுத்த பாயில் நான்காமவர் வந்து படுத்ததுபோலிருக்கிறது எஞ்சின் அறை. குழாய்கள் ரேடியேட்டர் விசிறிக்கும் எஞ்சினுக்கும் நடுவே இறங்கி, எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் திரும்பிப் பின்னால் செல்ல வேண்டும். வழியில் எண்ணெய் வடிகட்டி, குறுக்குச் சட்டம், சக்கரத்துக்குப் போகும் தண்டு. இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் உண்டு. வடிகட்டியைக் கழற்றக் கை நுழைய வேண்டும். மின்கம்பி உருகாத தொலைவில் இருக்க வேண்டும். முக்கியமாக, பிளேஞ்சை இறுக்கும் ஒவ்வொரு நட்டுக்கும் ஸ்பேனர் எட்ட வேண்டும். எவ்வளவு அழகாக வளைந்த ஹெட்டரானாலும் கழற்ற முடியாவிட்டால் அது ஹெட்டரன்று, பூட்டு.

முதலில் எந்தக் குழாயைப் போடுவது? புதியவர்கள் எளிதானதிலிருந்து தொடங்குவார்கள். நாங்கள் மிக நெருக்கடியான குழாயிலிருந்து தொடங்குகிறோம். அது தன் விருப்பப்படி போக இயலாது. இருப்பது ஒரே வழி. அந்த வழியின் நீளமே மற்ற மூன்றுக்கும் அளவுகோல் ஆகிறது. கூடலுக்கு மிக அருகிலுள்ள சிலிண்டரின் குழாய்தான் அதிகம் சுற்றி வர வேண்டியிருக்கும். நேர்வழி இருந்தும் அதற்கு அனுமதியில்லை. சேய்மையிலிருந்து வருபவர்களோடு சம நேரத்தில் சேர வேண்டுமே. இந்த எஞ்சினின் வெடிப்பு வரிசை 1-3-4-2. ஆகவே 1ஐயும் 4ஐயும் ஓர் இணையாக, 2ஐயும் 3ஐயும் இன்னோர் இணையாகச் சேர்த்து, பிறகு அவ்விரண்டையும் ஒன்றாக்குகிறோம். அடுத்தடுத்து வெடிக்கும் இருவர் ஒரே வாசலில் மோதிக்கொள்ளாதிருக்க இந்த ஏற்பாடு.

இந்தச் சேருமிடத்துக்குப் பட்டறையில் ‘கலெக்டர்’ என்று பெயர். “கலெக்டர் வந்தாச்சா?” என்று இளையவர் உரக்கக் கேட்டால் புதிதாக வந்தவர்கள் வாசலைத் திரும்பிப் பார்ப்பார்கள். எங்களில் மூத்தவர் அதைக் ‘கூடல்’ என்று சொல்லிவருகிறார், இரண்டொருவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். மற்றபடி பெண்டு, டாக், பிளேஞ்ச், கேஸ்கட் எல்லாம் வந்த கோலத்திலேயே இருக்கின்றன. தொல்காப்பியர் திசைச்சொல்லுக்கும் இடம் கொடுத்துத்தான் இலக்கணம் செய்தார். டிக் வெல்டிங்குக்கு எங்கள் பக்கத்தில் ‘ஆர்கான் வெல்டிங்’ என்றே பெயர். கருவியின் பெயரை விட்டு, காக்கின்ற வாயுவின் பெயரால் அழைத்த அந்த முகமறியாத் தொழிலாளியை நாங்கள் மெச்சுகிறோம்.

ஆர்கான் உண்மையில் காவல்தான். துருப்பிடிக்காத எஃகைப் பற்றவைக்கும்போது வெளிப்பக்கம் சுடரோடு வரும் ஆர்கான் மூடிக்கொள்கிறது. உட்பக்கத்துக்குக் காவலில்லை. குழாயின் முனைகளை அடைத்து உள்ளேயும் ஆர்கானை நிரப்பாவிட்டால், உருகிய எஃகு காற்றைத் தொட்டு, கருகிய சர்க்கரைபோலப் பொரிந்து நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அண்மையில் வேறெங்கோ செய்த ஹெட்டரை ஒருவர் கொண்டுவந்தார். வெளியே மீன்செதில்போல அடுக்கடுக்காக அத்தனை நேர்த்தி. மூன்று மாதத்தில் கழுத்தில் வெடித்திருந்தது. அறுத்துப் பார்த்தோம், உள்ளே முழுக்கப் பொரி.

வெடிப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. 304 வகை எஃகுக் குழாய் ஒரு மீட்டர் நீளமிருந்து 500 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் நீளும். நான்கு குழாய்களும் ஒரே நேரத்தில் ஒரே சூட்டில் இருப்பதில்லை. இரண்டு முனையிலும் இறுகக் கட்டிவிட்டால் அந்த நீட்சி பற்றுவாயை உடைத்துக்கொண்டுதான் போகும். ஆகவே குழாய்கள் கூடலோடு சேருமிடத்தில் ஒட்டாமல், ஒன்றுக்குள் ஒன்று நழுவும்படி விடுவதுண்டு. பிளேஞ்சும் சூட்டில் வாழைமட்டைபோல வளையும்; 10 மில்லிமீட்டர் தகடானாலும் வளையும். பழைய சிலிண்டர் தலை ஒன்றில் அதை முடுக்கி வைத்து, ஒரு வாய்க்கு ஒரு பக்கம், அடுத்த வாய்க்கு எதிர்ப்பக்கம் என்று மாறிமாறித்தான் பற்றவைக்கிறோம்.

இனி அந்த மூன்றாமவர். இளையவரின் மகள் இயந்திரப் பொறியியல் இறுதியாண்டு முடித்திருக்கிறாள். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை உத்தரவு கையில் இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பட்டறைக்கு வருவேன் என்கிறாள். இளையவர் சம்மதிக்கவில்லை. அவருடைய வாதம் வலுவானது. கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, கண் இரவில் எரிகிறது, நான்கு நாள் உழைத்துச் செய்ததை, அச்சில் செய்து பெட்டியில் வரும் ஹெட்டரின் விலையோடு ஒப்பிட்டுப் பேரம் பேசுகிறார்கள். இவற்றை விடப் பெரிய காரணம் ஒன்று. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதிகள் வந்தபின் புகை தூய்மையாக்கும் கருவி எஞ்சினோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. சில புதிய எஞ்சின்களில் புகைக்குழாயின் கூடல் சிலிண்டர் தலைக்குள்ளேயே வார்க்கப்பட்டுவிடுகிறது. வெளியே வருவது ஒரே வாய். மின்சார வண்டிக்கோ வாயே இல்லை. “வாயில்லாத வண்டிக்கு என்னத்தப் பண்ணுவ?” என்று கேட்டார் மகளிடம். அவள் பதில் சொல்லவில்லை. எங்களில் மூத்தவரைப் பார்த்து, “பெரியப்பா, நீங்க தமிழ் படிக்கப் போனப்ப வீட்டுல என்ன சொன்னாங்க?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு எங்கள் இருவருக்குமே விடை தெரியும். அன்று எதிர்த்தவர்களின் கணக்கு தவறில்லை என்பதும், அதையும் மீறி ஒருவர் போனார் என்பதும் இரண்டும் உண்மை.

மாருதியின் மூன்றாவது குழாயை அவளிடம் விட்டோம். அவள் கைப்பேசியால் எஞ்சின் அறையைச் சுற்றிச்சுற்றிப் படமெடுத்து, கணினியில் அந்த இடுக்கை முப்பரிமாணத்தில் எழுப்பினாள். குழாயின் போக்கைத் திரையிலேயே வரைந்து, ஒவ்வொரு துண்டின் கோணத்தையும் திருகலையும் தாளில் எழுதிக் கொடுத்தாள். நாங்கள் கெட்டிக் கம்பியை வளைத்து வளைத்து ஒரு பகல் முழுக்கத் தேடுகிற வழி, அவளுக்கு ஒன்றரை மணி நேரத்தில் கிடைத்தது. வெட்டினோம், டாக் வைத்துப் பொருத்தினோம். விசிறிக்கும் குழாய்க்கும் நடுவே ஆறு மில்லிமீட்டர். திரையில் காட்டிய அதே ஆறு. இளையவர் எதுவும் சொல்லாமல் கையுறையைக் கழற்றினார். அவர் வியந்தால் அப்படித்தான்.

அப்பாவுக்கு எழுபத்தைந்து வயது. கை நடுக்கம் வந்தபின் பற்றவைப்பதில்லை; தினமும் வந்து உட்கார்ந்திருப்பார். எழுந்து வந்து, அந்த இடைவெளிக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். போகவில்லை.

“இங்க ஒரு விரல் வேணும் கண்ணு.”

“ஆறு மில்லி இருக்குது அப்பாரு, இடிக்காது.”

“நிக்கறப்ப இடிக்காது.”

கோதுமை மாவை உருட்டி விசிறிச் சட்டத்துக்கும் குழாய்க்கும் இடையில் அப்பச் சொன்னார். கடப்பாரையை எஞ்சினுக்கு அடியில் கொடுத்து நாங்கள் இருவரும் முன்னும் பின்னும் நெம்பினோம். எஞ்சின் ரப்பர் தாங்கிகளின்மீது உட்கார்ந்திருக்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் புரண்டு கொடுக்கும். நெம்பி முடித்தபின் மாவை எடுத்துப் பார்த்தால், நடுவில் அப்பளம்போல மெலிந்திருந்தது. அவள் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு கணினியைத் திறந்து, எஞ்சின் எந்த அச்சில் எவ்வளவு புரளும் என்று வரைபடத்தில் சேர்க்கத் தொடங்கினாள். அப்பாவை அருகில் அழைத்து, “வேற எதெல்லாம் அசையும் அப்பாரு?” என்று கேட்டாள். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார்: சூட்டில் குழாய் நீளும், மேடுபள்ளத்தில் சக்கரத் தண்டு ஏறி இறங்கும், ரப்பர் பழசானால் எஞ்சினே ஒரு விரற்கடை தாழும். அவள் எழுதிக்கொண்டாள். இதில் எதையும் நாங்கள் எழுதி வைத்ததில்லை.

அன்றிரவு நாங்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தோம். ஹெட்டர் என்ற பொருள் இன்னும் எத்தனை ஆண்டு இருக்கும் என்று தெரியாது. நீண்ட காலம் இராது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடில்லை. ஆனால் அப்பா அவளுக்குக் கொடுத்தது ஹெட்டர்தானா? ஒன்றுக்கொன்று பிறவாத இரண்டைச் சேர்க்கும்போது நடுவில் எவ்வளவு இடம் விட வேண்டும், எது எப்போது அசையும், எதை முதலில் கழற்றினால் எது வரும் என்ற அறிவு அது. மின்சார வண்டியிலும் பழைய உடலுக்குள் புதிய மோட்டாரும் மின்கலமும் ஏறத்தான் போகின்றன. அங்கும் குளிர்நீர்க் குழாய்கள் வளையும்; தாங்கிகள் அசையும்; ஸ்பேனர் எட்டாத நட்டு ஒன்று எங்காவது ஒளிந்திருக்கும். இதை இளையவர் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. அறிவு மிஞ்சும் சரி, வாடகை யார் கொடுப்பது என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எங்களில் மூத்தவரிடமும் பதிலில்லை.

வேலையில் சேர அவளுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. அதுவரை மாலைகளில் ஆர்கான் பழகட்டும், பிறகு பேசுவோம் என்பது வரைக்கும் இளையவர் இறங்கி வந்திருக்கிறார். மூன்றாவது குழாயைப் பிரித்து மறுபடி வெட்டியாயிற்று. திருகலை நான்கு டிகிரி மாற்றியதில் இப்போது ஒரு விரல் தாராளமாகப் போகிறது. அதனால் இரண்டாவது குழாயும் சற்று நகர வேண்டியிருக்கிறது. அதன் மறுமுனையைப் பிடித்துக்கொள்ள இந்த ஞாயிறும் ஒருவர் வர வேண்டும்.